நீலப் படகுக்குக் கைச்சாத்து வைக்குமுன்

தம்பி, வெள்ளிக்கிழமை அந்த நீலப் படகுக்குக் கைச்சாத்து வைக்காதே.

சுகமா, இருமல் நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு பக்கத்தை நிரப்பிய பிறகுதான் அம்மா விசயத்துக்கு வருவாள் என்று நீ எப்போதும் கேலி செய்வாய். இந்த முறை விசயத்தை முதலில் எழுதிவிட்டேன். பாதியில் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போக நேர்ந்தாலும் அந்த ஒரு வரி உன் மண்டையில் இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை படகு பார்க்கப் போனபோது நான் ஒன்றைக் கண்டேன். கண்டதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டுமில்லை, அதைவிட மோசமான ஒரு காரியமும் செய்தேன். அதை ஒரே மூச்சில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுமையாக வாசி.

திங்கட்கிழமை உனக்குப் போன் எடுத்தது இதைச் சொல்லத்தான். "அம்மா, நல்ல நேரத்துல எடுத்தீங்க. படகுக்கு என்ன பேரு வெக்கிறதுன்னு ரெண்டு பேரும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கோம்" என்று சிரித்தாய். பின்னாலிருந்து உன் கூட்டாளி நௌஷாத், "அம்மா, ஒங்கட மகன் நடிகைகள்ட பேரா செல்றான், நீங்க நல்ல பேரா ஒண்டு செல்லுங்க!" என்று கத்தினான். உன் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் எத்தனையோ வருசமாகக் கேட்டதில்லை. "யோசிச்சி சொல்றேன்ப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்துக்கு வந்து, தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இதை வாயால் சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்துகொண்டேன். எழுத்தென்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் உன் குரலைக் கேட்டுப் பின்வாங்க முடியாது. அதனால்தான் இது பொத்துவில் பஸ் கண்டக்டர் கையில் உன்னிடம் வருகிறது.

உன் கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நான் அதை எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீ அறிய வேண்டும். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்குப் படுக்கை விரிக்கிற வேலைக்குப் போனபோது உனக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருசமே அறுகம்பேக்குப் போகிறேன் என்றாய். "மலையில பொறந்தவனுக்குக் கடல்ல என்னடா வேலை?" என்று அப்பா கேட்டார். நீ சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாய். நாலு வருசத்தில் பாய்மரப் படகைத் தனியாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்த ஆளாக வந்து நின்றாய். நீயும் நௌஷாத்தும் சேர்ந்து சின்னப் படகொன்று வாங்கப் போகிறீர்கள், உள்ளே நாலு பேர் படுக்கலாம், கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாக நாலைந்து நாள் போய்வருவீர்கள் என்று சொன்னாய். அப்பா மறுநாள் தேயிலைத் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்த பழைய ஆட்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் என் வழக்கப்படி புத்தகத்தைத் தேடிப் போனேன். தெரியாத ஒன்று எதிரில் வந்தால் அதைப் பற்றி எங்கேயாவது அச்சில் இருக்கும், அதைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டால் பயம் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் பிடித்த பழக்கம். ஓ.எல். சோதனையோடு படிப்பை நிறுத்தினார்கள், பழக்கம் நிற்கவில்லை. பதுளை நூலகத்தில் படகுகளைப் பற்றி ஒரே ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நாலு சனிக்கிழமை அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். "ஒங்க வீட்டுல யாரு மிஸ் கடலுக்குப் போறது?" என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை கேட்டாள். "மகன்" என்றேன். அந்த ஒரு சொல்லை அவ்வளவு பெருமையாக நான் இதற்கு முன் சொன்னதில்லை.

என் கொப்பியில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிழையைச் செய்தேன். சூடான கரையோரக் கடலுக்குப் படகு தேடுகிறவர்கள் அறையின் அழகில் மயங்கக் கூடாது. பகலில் மேல்தட்டு அடுப்புக் கல்லாகக் கொதிக்கும், ஆகவே பாயைக் கழற்றாமலே நிழல் துணி கட்ட இடம் வேண்டும். முன்பக்கத்தில் காற்று உள்ளே இறங்குகிற கதவு வேண்டும், இல்லாவிட்டால் யாரும் உள்ளே படுக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்துக் களப்புகள் கடலோடு சேர்கிற வாய்களை மணல் மூடும், பிறகு அவை திறக்கும், இடம் மாறும். ஏரா என்று மீனவர்கள் சொல்கிற அடிக்கட்டை நீளமாகக் கீழே தொங்கினால் அந்த வாய்களுக்குள் நுழைய முடியாது, காற்று மாறுகிற நேரத்தில் ஒதுங்க இடமில்லாமல் வெளியே கிடக்க வேண்டும். மோட்டார் பின்னால் தொங்குகிறதாக இருந்தால் பொத்துவிலில் எந்த மீன்படகு மெக்கானிக்கும் கழற்றிப் பார்ப்பான். உள்ளே பூட்டியதாக இருந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். ஒரு ஆள் காய்ச்சலில் படுத்தாலும் மற்ற ஆள் தனியாகப் பாயை இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும், தம்பி. மனப்பாடமாகத் தெரியும்.

அந்தப் படகுத் துறையில் நமக்காக இரண்டு படகுகள் நின்றன. இரண்டும் தண்ணீரில் இல்லை, கரையில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்று மஞ்சளேறிப் போன வெள்ளைப் படகு. உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட தழும்பு, ஒட்டுப்போட்டதை யாரும் மறைக்கவும் இல்லை. அதன் ஏராவைக் கயிற்றால் இழுத்து வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். நீ அதன் பக்கத்தில் போய் ஒரு மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிக்கொடுத்தாய், நான் பார்த்தேன். மற்றது நீலம். வானத்தைக் கழுவிக் காயப்போட்டதுபோல் அப்படி ஒரு நீலம். துறை முதலாளி ஏணியைச் சாத்தி, "ஏறிப் பாருங்கம்மா, பயப்பிடாதீங்க, நான் புடிச்சிக்கிறன்" என்றார். நல்ல மனுசன், மரியாதையான மனுசன். உள்ளே போனேன். நேராக நிமிர்ந்து நின்றேன். தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. பலகைக் கட்டில், சின்ன அடுப்பு, திரைச்சீலை போட்ட ஜன்னல். "நம்ம காம்பராவ விட பெருசா இருக்கே!" என்று என்னையறியாமல் சொன்னேன்.

பிறகு வெள்ளைப் படகுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். குனிந்துதான் உட்கார வேண்டும். நீ ஆசையாக, "அம்மா, இது எங்க வேணும்னாலும் நுழையும்மா" என்றாய். நான் வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இதென்னடா கோழிக்கூடு? லயத்துல நாங்க குனிஞ்சது போதாதா, நீயும் காசு குடுத்துக் குனியப் போறியா?" என்றேன். முதலாளி சிரித்தார். துறையில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நௌஷாத், "அம்மா செல்றதும் சரிதான் மச்சான்" என்று சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். நீயும் சிரித்தாய். காது மட்டும் சிவந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் நீ நீலப் படகைத்தான் சுற்றிச் சுற்றி வந்தாய். அது உன் கண்ணுக்குப் பிடித்த படகில்லை, என் வாய்க்குப் பயந்து பிடித்துப்போன படகு.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தோட்டத்து லயத்தில் நமக்கிருந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில் மேலே பரண், அதில் விறகு. அதன் கீழேதான் நான் சமைத்தேன், அக்காவையும் உன்னையும் பெற்று வளர்த்தேன். இருபது வருசம் தலையைத் தாழ்த்தியே நடந்ததில் வெளியே ரோட்டில் போகும்போதும் கழுத்து தானாகக் குனியும். என் பிள்ளை சொந்தமாக வாங்குகிற முதல் பொருளுக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. லயத்தில் பிறந்தவர்கள் வீட்டைத் தேடுகிற கண்ணோடுதான் எதையும் பார்ப்போம் போலிருக்கிறது. அது கடலில் போகப்போகிற சாமான் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன். நீயும் நௌஷாத்தும் முதலாளியும் கொட்டகையில் கடுதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நீலப் படகின் கீழே சுற்றி வந்தேன். எனக்குச் சுவர்களைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். ஏரா வயிற்றோடு சேர்கிற இடத்தில், வலது கைப் பக்கம், பின்னாலிருந்து நாலு சாண் தூரத்தில், புதுச் சாயத்துக்குள்ளே மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டில் ஓரிடத்தில் கசிந்து வழிந்து காய்ந்த ஒரு சொட்டு. தேயிலைச் சாயம் மாதிரி நிறம். படகு மாதக் கணக்கில் தண்ணீரைக் காணவில்லை என்று முதலாளியே சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த ஈரம் உள்ளேயிருந்து வந்திருக்க வேண்டும். விரலால் தொட்டேன், விரல் பழுப்பானது. அந்த நேரம் பார்த்து நீ கொட்டகையிலிருந்து, "அம்மா, டீ!" என்று கூப்பிட்டாய். முதலாளி கிளாசை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் சேலைத் தலைப்பால் அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டேன்.

ஆமாம், தம்பி. துடைத்துவிட்டேன். விருந்தாளி வாசலுக்கு வரும்போது சுவரில் இருக்கிற அழுக்கைத் துடைப்போமே, அப்படி. கை தானாகப் போனது. துடைத்த பிறகு அந்தக் கோடுகூடக் கண்ணுக்குப் பிடிபடவில்லை, நீலம் மட்டும்தான் இருந்தது. டீயை வாங்கிக் குடித்தேன். "எப்படிம்மா?" என்று நீ கேட்டாய். "புதுசு மாதிரி இருக்குப்பா" என்றேன்.

என் கை எங்கே பழகியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருசமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த கதை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதற்கு அடுத்த மழைக்காலம். நமது காம்பராவின் பின்சுவரில் வெடிப்பு ஒன்று விட்டிருந்தது. அப்பா பென்சிலால் அந்த வெடிப்பின் மேல் குறுக்கே கோடுகள் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்தார். கோட்டின் இரண்டு பாதியும் விலகினால் வெடிப்பு பெரிதாகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் டோர்ச்சை அடித்துப் பார்ப்பார். உனக்கு அப்போது பதின்மூன்று வயது, நீயும் கூட நின்று பார்த்திருக்கிறாய்.

அந்த மாதம்தான் உன் அக்காவுக்குப் பரிசம் போட ஹப்புத்தளையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. நான் சுண்ணாம்பு கரைத்து முழுக் காம்பராவையும் வெள்ளையடித்தேன். பென்சில் கோடுகளின் மேல் இரண்டு தரம் அடித்தேன், முதல் தரத்தில் அவை மறையவில்லை. வேலை விட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "அழகாத்தான் இருக்கு. நான் போட்ட கோடெல்லாம் எங்க?" என்றார். "செவுத்துல கிறுக்கி வெச்சிருந்தா வர்றவங்க என்னங்க நெனைப்பாங்க? பரிசம் முடியட்டும், திரும்பப் போடுங்க" என்றேன். "திரும்பப் போட்டா அது இன்னைக்குத் தேதியாத்தான இருக்கும்" என்றார்.

பரிசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சுண்ணாம்பைக் கிழித்துக்கொண்டு வெடிப்பு மறுபடி தெரிந்தது. அதே நாள் கிராம சேவகரோடு ஓர் அதிகாரி லயத்தைப் பார்க்க வந்தார். சிங்களத்தில்தான் கேட்டார். நமது லயத்தில் சிங்களம் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் நான்தான், அதனால் எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பேன். இந்த வெடிப்பு எவ்வளவு காலமாக இருக்கிறது, பெரிதாகிக்கொண்டு வருகிறதா என்று கேட்டார். அப்பா வேலையில் இருந்தார். உண்மையைச் சொன்னால் லயத்தில் எல்லோரையும் அன்றைக்கே மூட்டை கட்டிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்து நம்மை அங்கே தரையில் படங்கு விரிப்பில் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பழையது, வருசக் கணக்காக அப்படியேதான் இருக்கிறது என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். அடுத்த காம்பராவில் மாரியாயி அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பழசுதாங்க" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பரிசம் நன்றாக நடந்தது. அதற்கு ஐந்தாம் நாள் பகல், நாமெல்லாம் வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்தபோது, மேட்டு மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. மாரியாயி அக்கா காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். அவருடைய கால் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். மண்வெட்டிகளோடு ஓடிய ஆட்களில் அப்பாவும் ஒருவர். அதற்குப் பிறகு அக்கா மலையேறிக் கொழுந்து பறிக்கவில்லை. மழையால் வந்தது என்றுதான் நீ கேள்விப்பட்டிருப்பாய். மழையால்தான் வந்தது. ஆனால் முந்தின வாரமே அவர் பள்ளிக்கூட மண்டபத்தில் பத்திரமாகப் படுத்திருக்க வேண்டியவர். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். ஏராவை உடம்போடு பிடித்திருக்கிற இரும்புகள் உள்ளே துருப்பிடித்தால் சேர்கிற இடத்தில் இப்படிப் பழுப்பாகக் கசியும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வெளியே சாயம் பூசினால் தெரியாது. நடுக்கடலில் அது கழன்றால் படகு கவிழ்ந்துவிடும், திரும்ப நிமிராது. உள்ளே நாலு பேர் படுத்திருப்பார்கள், நீயும் நௌஷாத்தும் மேலே இருப்பீர்கள். முதலாளி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பூசியிருக்கலாம், இவருக்கே தெரியாமல் இருக்கலாம். வெள்ளையடித்தவள் யார் என்று சுவரைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

நூலகத்திலிருந்து நேராக மாரியாயி அக்கா வீட்டுக்குப் போனேன். உனக்கு இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லாவிட்டால், இது மகனிடம் நல்ல பெயர் வாங்க எழுதிய கடிதமாகிவிடும் என்று தோன்றியது. அவர் வாசலில் உட்கார்ந்து போஞ்சிக்காயில் நாரெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இந்த நேரத்துல? பிள்ளைமடுவத்தப் பூட்டிட்டாங்களா?"

"இல்லக்கா. அந்தச் செவுரு விசயமா ஒன்னு சொல்லணும்."

"எந்தச் செவுரு?"

"ஒங்க மேல விழுந்த செவுரு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையடித்தது, கோடு, அதிகாரி, பரிசம், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை உன் படகில் நான் துடைத்தது. போஞ்சி நாரெடுக்கிற கை நிற்கவே இல்லை. நான் முடித்ததும், "நானும் பழசுன்னுதானடி சொன்னேன்" என்றார். எனக்கு ஒரு கணம் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அக்கா விடவில்லை. "எனக்கு அது புதுசுன்னு தெரியும். என் பக்கத்துல கையே உள்ள போகும். ஆனா நீ படிச்சவ. டீச்சரம்மாவே பழசுன்னு சொல்லுதே, அதுல ஏதோ வெவரம் இருக்கும், நம்ம குறுக்க பேசி அவங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." பிறகு போஞ்சிச் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "இப்ப போ. ரெண்டு நாளைக்கி இந்தப் பக்கம் வராத. எனக்கு ஒன் மொகத்தப் பாக்க முடியல. அப்புறம் வா." நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "அந்தப் பயலுக்கிட்டயாச்சும் நேரத்தோட சொல்லித் தொல!" என்று சத்தம் போட்டார்.

என் வார்த்தையை நம்பித் தன் கண்ணை நம்பாமல் விட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததும் அதேதான். உன் கை முதலில் வெள்ளைப் படகின் மேல்தான் போனது. நான்கு வருசம் கடலில் உழைத்துப் பெற்ற கை அது. மலையிலேயே கிடந்த ஒருத்தி சொன்ன கோழிக்கூட்டுப் பகிடிக்காக அதை நீ இழுத்துக்கொண்டாய். அந்தப் பகிடியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைப் படகைத்தான் வாங்கு என்றும் சொல்ல மாட்டேன். மறுபடி என் சொல்லுக்கு ஒரு படகை வாங்கிவிடாதே. இரண்டும் வேண்டாமென்று இன்னொரு வருசம் காத்திருந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: கைச்சாத்துக்கு முன்னால், நான் சொன்ன இடத்தில் உள்ளங்கையளவு சாயத்தைச் சுரண்டிப் பார்க்க முதலாளியிடம் அனுமதி கேள். ஏராவின் இரும்புகள் உள்ளே தெரிகிற இடத்தையும் பலகையைத் தூக்கிப் பார். சம்மதித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வாங்கிய பிறகு அது எந்தப் படகாக இருந்தாலும், அப்பா போட்டது மாதிரி கோடு போட்டு வை. ஒட்டுப்போட்ட இடத்தைச் சாயம் பூசி மறைக்காதே. விருந்தாளிகள் தழும்பைப் பார்த்து முகம் சுளித்தால், எங்கே அடிபட்டது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லிக் காட்டு. காற்று மாறும் என்று நௌஷாத் சொன்னால், காசு கட்டிய விருந்தாளி எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பி வா. முகத்துக்கு அஞ்சுகிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். எனக்குத்தான் அதன் விலை தெரியும்.

நீ கோபப்படுவாய். நியாயம்தான். நௌஷாத்திடம் நானே முதலில் சொல்லியிருக்கலாம், அவன் வேறு சாக்குச் சொல்லி நிறுத்தியிருப்பான். ஆனால் அது உன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வெள்ளையடிப்பாகப் போயிருக்கும். இதை நீதான் முதலில் அறிய வேண்டும், அறிந்து திட்டுவதாக இருந்தால் திட்டி முடிக்க ஒரு பகல் உனக்குக் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் கடிதத்தை இன்று அனுப்புகிறேன், நான் நாளைக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, மொனராகலையில் மாறி, மதியத்துக்குள் பொத்துவிலில் இறங்குவேன். அப்பாவும் வருகிறார், கேட்காமலே சட்டையை அயன் பண்ணி வைத்திருக்கிறார். நீ பஸ் நிலையத்துக்கு வராவிட்டாலும் குறையில்லை. படகுத் துறைக்கு நாங்களே வேன் பிடித்துப் போய்விடுவோம். முதலாளியிடமும், அன்று என்னோடு சிரித்தவர்களிடமும், நான் எதைத் துடைத்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். இப்போது அங்கே நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, நான் எழுதியதை வைத்து நீயாகத் தேடினாலும் சட்டென்று அகப்படாது. சரியாக எந்த இடமென்று எனக்கு மட்டும்தான் தெரியும். விரலை வைத்துக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்கிறேன்.

அம்மா